பென்சிலால் மட்டும்

இஷ்பெமிங்கில் நவம்பர்.
ஏரிப் பக்கமிருந்து வந்த பனி
விடுதிப் பெயர்ப்பலகையில் பாதியைத் தின்றிருந்தது.
ஆவணக் காப்பாளர் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு
எழுபத்தோரு பேர் பதிந்திருந்தோம்.
சாலை விட்டது நாற்பத்து மூவரை.

இரும்புச் சுரங்கங்களின் கூலிப் பட்டியலை,
மூடிய பள்ளிகளின் வருகைப் பதிவேட்டை,
மூழ்கிய கப்பல்களின் சரக்குக் கணக்கைக் காப்பவர்கள்.
துருப்பிடித்த ஊக்குகளை உருவி உருவி
நகக்கண் கறுத்த ஜனங்கள்.
கைகுலுக்கியதும் விசாரித்துக்கொண்டது
உடம்பை அல்ல, ஈரப்பதத்தை.
"உங்கள் நிலவறை எத்தனை சதவீதம்?"

பதினொரு மணிக்கு கேக் வந்தது.
அதன்மேல், தின்னக்கூடிய மையில்,
1974-இல் எடுத்த நிறுவனர் படம்:
நூலகப் படிக்கட்டில் ஒன்பது பேர்,
அகலக் காலர், கண்ணைச் சுருக்கவைக்கும் வெயில்.
ரைனோ கெட்டுனென் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இடமிருந்து வலமாகப் பெயர் சொன்னார்.
எட்டுவரை வந்தார்.
ஒன்பதில் நின்றார்.

வலது ஓரம். கட்டம் போட்ட கோட்டு.
பாதி உடம்பு படத்துக்கு வெளியே.
சிரிக்கிறாளா, இருமப் போகிறாளா, தெரியவில்லை.

"ஹான்காக் அலுவலகத் தட்டச்சுக்காரி" என்றார் வெர்னா ட்ரெம்பாத்.
"இல்லை, படம் பிடித்தவரின் மனைவி."
"மனைவி என்றால் அவரையல்லவா பார்ப்பாள்?"
அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வழியோடு போனவளாகவும் இருக்கலாம் என்றார்கள்.
அதற்குப் பிறகு கொஞ்சநேரம்
காப்பி இயந்திரம் மட்டும் பேசியது.

இத்தனை வருடமாக ஊர் ஊராகப் போய்
விதவைகளின் சாப்பாட்டு மேஜையில்
செருப்புப் பெட்டிகளைக் கொட்டச்சொல்லி
நாங்கள் கெஞ்சியதெல்லாம் ஒன்றுதான்:
பின்பக்கம் பெயர் எழுதுங்கள்,
பென்சிலால் மட்டும்,
முகம் இருக்கும் இடத்தில் அழுத்தாமல்.

டெல்ஃபின் லாப்ராத் மூலப்படத்தையே கொண்டுவந்திருந்தாள்.
உறையோடு திருப்பினாள்.
காப்பிக் கோப்பை வைத்த வட்டம்.
அதற்குள், அட பாவிகளா, பேனாவில்,
இரண்டே எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல்.
மற்றவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள்.
நான் அதை மனத்துக்குள் தமிழில் படித்துப் பார்த்து
மாட்டிக்கொண்டேன்.
நாம் என்கிறதா, நாங்கள் என்கிறதா?
நாம் என்றால் கோட்டுக்காரியும் உண்டு.
நாங்கள் என்றால் அவளைப் படியிறக்கியாயிற்று.
அந்தச் சொல்லுக்கு அந்தக் கவலையே இல்லை.
(மேலே நானும் நாங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.
இப்போதுதான் பார்க்கிறேன்.)

வெட்டினார்கள்.
வெர்னாவின் தட்டில் முதல் பொருளாளர்.
எனக்கு யாரோ ஒருவரின் தோளும் ஒரு தூணும்.
எட்டுப் பேரும் தீர்ந்தார்கள்.
ஓரத்துண்டை மட்டும் யாரும் தொடவில்லை.
அடையாளம் தெரியாததைக் கழிப்பதற்கு
எங்களிடம் விதி கிடையாது.

சாலை திறந்துவிட்டது என்று சொல்ல
பனிவண்டி ஓட்டி உள்ளே வந்தான்,
மீசையில் பனிக்கட்டி.
"இது மிச்சமா?" என்றான்.
மூன்று வாயில் முடித்தான்.
விரலைச் சப்பிக்கொண்டே "யாரு இது?" என்றான்.
தெரியாது என்றார் ரைனோ.
"நல்லா இருந்தா" என்றான்.

பிறகு நாற்பத்து மூவரும் கூடி நின்றோம்.
விடுதிப் பையன் கைபேசியில் எடுத்தான்.
பெரிதாக்கிப் பார்த்தால்
வலது ஓரத்தில், கையில் தட்டோடு,
ஆரஞ்சு அங்கியின் பாதி.
வாசலில் அதற்குள் வண்டி உறுமியது.

டெல்ஃபின் கோட்டுப் போடவில்லை.
காதில் செருகிய பென்சிலோடு
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.
வண்டியின் மஞ்சள் விளக்குக்குக் கீழே
அவள் கையாட்டுவது தெரிந்தது,
பிறகு பனி மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது தலையெல்லாம் வெள்ளை,
பல் கிட்டித்திருந்தது.
"நிக்கிலா" என்றாள்,
"லான்ஸ் நிக்கிலா.
எழுதுங்கள், மறந்துவிடும்.
இரண்டு கே."